மூலங்களின் பெருக்கமும் பின்ன அடுக்கும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வெள்ளி விழா மேடையில் கணக்குப் பாடமா என்று சிலர் வியக்கக்கூடும். வாழ்த்தும் பாராட்டும் நிறைந்திருக்க வேண்டிய நாளில் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் எதற்கு என்று எண்ணக்கூடும். கல்விச் சங்கம் ஒன்று தன் 25ஆம் ஆண்டைக் கொண்டாடுவதற்கு, எல்லாரும் சேர்ந்து ஒரு பாடத்தைப் படிப்பதைவிடத் தகுந்த முறை வேறு இல்லை என்று நாம் கருதுகிறோம். அதிலும் நம் பிள்ளைகளில் பலர் எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்களோ, அந்த இடத்தையே தேர்ந்து பேசுவது கடமை என்றும் கருதுகிறோம்.

அந்த இடங்களில் ஒன்று மூலக்குறி. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் கடந்து வந்த பிள்ளை, பின்னத்தையும் ஒருவாறு கடந்து வந்த பிள்ளை, உயர்நிலைப் பள்ளியில் இயற்கணிதத்தில் மூலக்குறியைக் கண்டதும் தயங்கி நிற்கிறது. வர்க்கமூலம் தனியாக வந்தால் சமாளிக்கிறது. வர்க்கமூலமும் கனமூலமும் ஒரே கணக்கில் சேர்ந்து வந்து, “பெருக்குக” என்று கேட்டால் திகைக்கிறது. விதியை மனப்பாடம் செய்கிறது, தேர்வில் மறக்கிறது, “நமக்குக் கணக்கு வராது” என்று தனக்குத் தானே தீர்ப்பெழுதிக் கொள்கிறது. அந்தத் தீர்ப்பு பிள்ளையின் அறிவைப் பற்றியது அன்று. காரணம் சொல்லாமல் விதியை மட்டும் கையில் கொடுத்த முறையைப் பற்றியது. இந்த ஒன்றை நிலைநாட்டுவதே இன்றைய உரையின் நோக்கம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். √2 என்பதை ³√3 என்பதால் பெருக்க வேண்டும். முன்னது இரண்டின் வர்க்கமூலம். பின்னது மூன்றின் கனமூலம். விடை என்ன?

இந்த வினாவை வகுப்பில் வைத்தால் பலவகை விடைகள் வருவதுண்டு. உள்ளே இருக்கும் 2ஐயும் 3ஐயும் பெருக்கி √6 என்பார் ஒருவர். ³√6 என்பார் மற்றொருவர். மூலவரிசைகளாகிய 2ஐயும் 3ஐயும் கூட்டி, ஐந்தாம்படி மூலம் என்று கொண்டு ⁵√6 என்பார் வேறொருவர். மூவரும் சோம்பேறிகள் அல்லர். மூவரும் ஏதோ ஒரு விதியை அரைகுறையாக நினைவில் வைத்திருப்பவர்கள். அவர்களுடைய விடைகளைத் தோராய மதிப்பால் சோதித்துப் பார்ப்போம். √2 ஏறத்தாழ 1.414. ³√3 ஏறத்தாழ 1.442. இரண்டையும் பெருக்கினால் 2.04 அளவில் வரும். ஆனால் √6 என்பது 2.449, ³√6 என்பது 1.817, ⁵√6 என்பது 1.431. மூன்றும் பொருந்தவில்லை. ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன்பே, விடை தவறு என்பதை மாணவரே கண்டுகொள்ள முடியும். இது முதற்பாடம்: சோதித்துப் பார்க்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

சரியான விடைக்கு வழி என்ன? அதற்கு அடுக்கு என்பதன் பொருளிலிருந்து தொடங்க வேண்டும்.

2³ என்றால் 2ஐ மூன்று முறை எழுதிப் பெருக்குவது, அதாவது 8. 2² என்றால் இருமுறை, அதாவது 4. இவ்விரண்டையும் பெருக்கினால், மூன்று இரண்டுகளும் இரண்டு இரண்டுகளும் சேர்ந்து ஐந்து இரண்டுகள் ஆகின்றன. எனவே 2³ × 2² = 2⁵ = 32. இங்கே கீழே நிற்கும் 2 அடிமானம். தலைமேல் நிற்கும் சிற்றெண் அடுக்கு. ஒரே அடிமானமுடைய எண்களைப் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும் என்ற விதி, யாரோ விதித்த ஆணை அன்று. எண்ணிப் பார்த்தால் எவருக்கும் தெரியும் உண்மை.

இப்போது ஒரு துணிச்சலான வினா. அடுக்கு முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டுமா? 2இன் தலைமேல் அரை என்று எழுதினால் அதற்குப் பொருள் உண்டா? இரண்டை அரை முறை எழுதிப் பெருக்குவது என்று சொன்னால் அது பொருளற்ற பேச்சு. அடுக்கு என்பதை “எத்தனை முறை” என்று மட்டுமே அறிந்தவர் இந்த இடத்தில் நின்றுவிடுவார். ஆனால் கூட்டல் விதியைக் கையில் பற்றியிருப்பவர் மேலே நடப்பார். அந்த விதி அரைக்கும் பொருந்த வேண்டுமானால், 2¹⁄² × 2¹⁄² என்பதில் அடுக்குகளைக் கூட்டினால் அரையும் அரையும் ஒன்று, விடை 2. தன்னைத் தானே பெருக்கினால் இரண்டைத் தரும் நேர்ம எண் எது? √2 தவிர வேறில்லை. ஆகவே 2¹⁄² என்பது √2.

இதே முறையில் 2¹⁄³ என்பதை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் அடுக்குகளின் கூட்டல் ஒன்று, விடை 2. ஆகவே 2¹⁄³ என்பது ³√2. பின்னத்தின் பகுதி மூலத்தின் வரிசையைச் சொல்கிறது. தொகுதி எத்தனையாவது படி என்பதைச் சொல்கிறது. 25இன் தலைமேல் அரை இட்டால் 5. 25இன் தலைமேல் மூன்றின் கீழ் இரண்டு, அதாவது ஒன்றரை இட்டால், வர்க்கமூலம் 5, அதன் கனம் 125. நம் விழா ஆண்டின் எண்ணே நமக்கு எடுத்துக்காட்டாகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 2¹⁄² = √2 என்பது கண்டுபிடித்து மெய்ப்பித்த உண்மை அன்று. முழு எண்களுக்கு ஒழுங்காக நடந்துவந்த விதி பின்னத்திலும் தடையின்றி நடக்க வேண்டும் என்பதற்காக மனிதர் கொடுத்த பொருள். விதி முதலில் வந்தது. பொருள் அதற்கேற்ப விரிந்தது. கணிதம் வானிலிருந்து இறங்கிய கட்டளைகளின் தொகுப்பு என்று நினைப்பவர்கள் இதனை நன்கு சிந்திக்க வேண்டும். மனிதர் ஆக்கியதை மனிதர் எவரும் கற்கலாம்.

இனிப் பெருக்கத்திற்கு வருவோம். முதலில் எளிய நிலை: இரண்டும் ஒரே வரிசை. √3 × √12 என்ன? இரண்டின் அடுக்கும் அரை. பெருக்கத்தின் வர்க்கத்தை எடுத்தால் 3 × 12 = 36. ஆகவே பெருக்கம் √36, அதாவது 6. தனித்தனியே பார்த்தால் முடிவில்லாத தசமங்களாக ஓடும் இரண்டு எண்கள் சேர்ந்து நேரான முழு எண்ணைத் தருகின்றன. வரிசை ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பவற்றை நேரடியாகப் பெருக்கலாம்.

இரண்டாம் நிலை: அடிமானம் ஒன்று, வரிசை வேறு. √2 × ³√2 என்ன? பின்ன அடுக்கில் எழுதினால் 2¹⁄² × 2¹⁄³. அடுக்குகளைக் கூட்ட வேண்டும். அரையும் மூன்றில் ஒன்றும் எவ்வளவு? இங்கேதான் ஐந்தாம் வகுப்பில் கற்ற பின்னக் கூட்டல் கைகொடுக்கிறது. 2க்கும் 3க்கும் மீச்சிறு பொது மடங்கு 6. அரை என்பது ஆறில் மூன்று. மூன்றில் ஒன்று என்பது ஆறில் இரண்டு. கூட்டினால் ஆறில் ஐந்து. ஆகவே விடை 2⁵⁄⁶, அதாவது ⁶√32. சோதிப்போம்: 1.4142 × 1.2599 ஏறத்தாழ 1.782. 32இன் ஆறாம்படி மூலமும் 1.782. பின்ன அடுக்கை நம்பாதவரும் மறுக்க முடியாத சோதனை ஒன்றும் உண்டு. √2ஐ ஆறு முறை பெருக்கினால் 8. ³√2ஐ ஆறு முறை பெருக்கினால் 4. இரண்டும் சேர்ந்து 32. ஆகவே பெருக்கம் 32இன் ஆறாம்படி மூலமே.

மூன்றாம் நிலை நாம் தொடங்கிய கணக்கு: அடிமானமும் வேறு, வரிசையும் வேறு. √2 × ³√3. இங்கே அடுக்குகளைக் கூட்ட இயலாது. ஏனெனில் அடிமானங்கள் ஒன்றல்ல. உள்ளிருப்பவற்றை அப்படியே பெருக்கவும் இயலாது. ஏனெனில் வரிசைகள் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவரத் தடையில்லை. 2¹⁄² என்பதை 2³⁄⁶ என எழுதலாம், அது ⁶√8. 3¹⁄³ என்பதை 3²⁄⁶ என எழுதலாம், அது ⁶√9. இப்போது இரண்டும் ஒரே வரிசை. ஆகவே விடை ⁶√72. அதன் மதிப்பு ஏறத்தாழ 2.04. நாம் முதலில் கண்ட தோராய மதிப்போடு பொருந்துகிறது. எந்த எண்ணும் தன் மதிப்பை இழக்கவில்லை. எழுதும் முறை மட்டுமே மாறியது. அந்த மாற்றமே சேர்க்கையை இயல்வதாக்கியது.

முன்னால் கெழுக்கள் நின்றாலும் அஞ்ச வேண்டியதில்லை. 3√2 என்பதை 2 × ³√4 என்பதால் பெருக்குவோம். கெழுக்கள் 3 × 2 = 6. மூலப் பகுதியில் 4 என்பது 2². ஆகவே ³√4 என்பது 2²⁄³. அரையும் மூன்றில் இரண்டும் கூட்டினால் ஆறில் ஏழு. அதாவது ஒன்றும் ஆறில் ஒன்றும். முழு ஒன்று வெளியே வந்து 2 ஆகும். மிஞ்சிய ஆறில் ஒன்று மூலத்துள் நிற்கும். ஆகவே விடை 6 × 2 × ⁶√2 = 12 × ⁶√2. எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தாலும் வழி இதுவே. க என்பது நேர்ம எண்ணாயின், √க × ³√க² = க⁷⁄⁶ = க × ⁶√க. நான்கு விதிகள் இல்லை, ஐந்து விதிகள் இல்லை. ஒரே விதியும் பின்னக் கூட்டலும் போதும்.

இந்த எண்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறு. முறுடு என்று நம் பாடநூல்கள் வழங்கும் எண்களை அரபுக் கணித அறிஞர்கள் காது கேளாத எண்கள் என்ற பொருள்தரும் சொல்லால் குறித்தனர். 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்கள் இலத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டபோது அந்தச் சொல்லும் அதே பொருளோடு ஐரோப்பாவுக்குச் சென்றது. இரண்டு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாதவை என்பதே அவற்றின் மேல் சாட்டப்பட்ட குறை. அவற்றை எண்களின் கூட்டத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் தயங்கினர்.

1585இல் சைமன் ஸ்டெவின் என்பவர், பொருளற்ற எண், விகிதமுறா எண், காது கேளாத எண் என்றெல்லாம் பிரிப்பதற்கு இடமே இல்லை, எல்லாம் எண்களே என்று தம் எண்கணித நூலில் வாதிட்டார். ஒரு சதுரத்தின் பக்கம் எண்ணால் அளக்கப்படுமானால் அதன் மூலைவிட்டமும் எண்ணால் அளக்கப்பட வேண்டும் அல்லவா? பக்கம் 1 என்றால் மூலைவிட்டம் √2. கண்ணெதிரே வரையப்பட்டிருக்கும் கோட்டிற்கு நீளம் இல்லை என்று எவர் சொல்ல முடியும்? குறை எண்ணில் இல்லை. அதற்குப் பெயரிட்டவர்களின் அளவுகோலில் இருந்தது.

குறியீடும் மெல்ல மெல்லவே வளர்ந்தது. √ என்ற குறியை 1525இல் வெளிவந்த தம் செருமானிய இயற்கணித நூலில் கிறிஸ்டாஃப் ருடால்ஃப் அச்சேற்றினார். அடுக்கைச் சிற்றெண்ணாகத் தலைமேல் எழுதும் முறையை 1637இல் தேகார்த்தே தம் வடிவியல் நூலில் நிலைபெறச் செய்தார். பின்ன அடுக்கு என்ற எண்ணம் 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு நிக்கோல் ஒரேமின் எழுத்தில் தோன்றியிருந்தும், அது உடனே பரவவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஜான் வாலிஸ் அதனை மீண்டும் எடுத்துரைத்தார். 1676இல் லைப்னிட்சுக்குச் சேருமாறு எழுதிய மடலில் நியூட்டன் மூலங்களுக்குப் பதிலாகப் பின்ன அடுக்குகளையே எழுதிக் காட்டினார். அதன்பின்பே அம்முறை உறுதிபெற்றது. ஒரேம் முதல் நியூட்டன் வரை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். பேரறிஞர்களுக்கே மூன்று நூற்றாண்டு தேவைப்பட்ட ஒன்றை, நம் பிள்ளை மூன்று நாளில் கற்கவில்லை என்று கடிந்துகொள்வது அறமாகாது.

இதனால் வாழ்க்கைக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியே. நம் பசனைக் குழுக்களிலும் நாடக மேடைகளிலும் ஒலித்துவந்த ஆர்மோனியத்தை நினைத்துப் பாருங்கள். சமப் பங்கீட்டு முறையில் சுதி அமைத்த ஆர்மோனியத்தில், கீழ்ச் சட்சமத்திலிருந்து மேல்சட்சமம் வரை, வெள்ளைக் கட்டை கறுப்புக் கட்டை இரண்டையும் எண்ணினால், பன்னிரண்டு படிகள். மேல்சட்சமத்தின் அதிர்வெண் கீழ்ச் சட்சமத்தினுடையதைப் போல் இருமடங்கு. பன்னிரண்டு படிகளும் சமமாக ஏறுவதற்கு, ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் 2இன் பன்னிரண்டாம்படி மூலத்தால் பெருக்கப்பட வேண்டும்.

சட்சமத்திலிருந்து அந்தர காந்தாரம் நான்கு படி. நான்கின் கீழ் பன்னிரண்டு என்பது மூன்றில் ஒன்று. ஆகவே ஏற்றம் ³√2. அந்தர காந்தாரத்திலிருந்து பஞ்சமம் மூன்று படி. அது நான்கில் ஒன்று. ஆகவே ஏற்றம் ⁴√2. சட்சமத்திலிருந்து பஞ்சமம் வரை மொத்த ஏற்றம் எவ்வளவு? ³√2 × ⁴√2. நம் விதிப்படி மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் கூட்டினால் பன்னிரண்டில் ஏழு. கட்டைகளை எண்ணினாலும் ஏழு! மதிப்பு ஏறத்தாழ 1.498, இயற்கைப் பஞ்சமத்தின் விகிதமாகிய ஒன்றரைக்கு மிக அருகில். ஆர்மோனியத்தில் கட்டையெண்ணி வாசிக்கும் கைகள், அறிந்தோ அறியாமலோ, பின்ன அடுக்குகளைக் கூட்டிக்கொண்டிருக்கின்றன.

மண்ணிலிருந்து விண்ணுக்கும் செல்லலாம். கோள்கள் சூரியனைச் சுற்றிவரும் காலத்திற்கும் அவற்றின் சராசரித் தொலைவுக்கும் உள்ள உறவைக் கெப்ளர் 1619இல் வெளியிட்டார். சூரியனிலிருந்து பூமியின் தொலைவை 1 என்று கொண்டால், ஒரு கோளின் தொலைவை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அது சுற்றிவரும் காலம் ஆண்டுக் கணக்கில் கிடைக்கும். ஒன்றும் அரையும் ஒன்றரை. ஆகவே இது ஒன்றரை அடுக்கு. வியாழனின் தொலைவு 5.2. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.28. பெருக்கினால் 11.86 ஆண்டுகள். வியாழன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வான் வட்டத்தைச் சுற்றி வருகிறது என்று நம் மூத்தோர் சொல்வதன் கணக்கு இதுவே.

இனி, விதியின் எல்லைகள். ஒரு விதி எங்கே செல்லும் என்று அறிவது பாதி அறிவு. எங்கே செல்லாது என்று அறிவது மறுபாதி. முதலாவது, பெருக்கலுக்கு உரியதைக் கூட்டலுக்கு ஏற்றிவிடக் கூடாது. √9 + √16 என்பது 3 + 4 = 7. உள்ளே கூட்டி √25 என்று எழுதினால் 5. ஏழும் ஐந்தும் ஒன்றல்ல.

இரண்டாவது, குறை எண்கள். −8இன் கனமூலம் −2. ஏனெனில் −2ஐ மூன்று முறை பெருக்கினால் −8. இப்போது மூன்றில் ஒன்றை ஆறில் இரண்டு என்று மாற்றி எழுதினால் என்ன நேர்கிறது? −8இன் வர்க்கம் 64. 64இன் ஆறாம்படி மூலம் 2. ஒரே எண்ணுக்கு −2 என்றும் 2 என்றும் இரண்டு விடைகள்! விதி நம்மை ஏமாற்றியதா? இல்லை. நாம் முன்பு “க நேர்ம எண்ணாயின்” என்று சொன்ன சொல்லை இங்கே மறந்துவிட்டோமானால் வரும் விளைவு இது. நிபந்தனையோடு பிறந்த விதியை நிபந்தனையைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அது பள்ளத்தில்தான் இறங்கும். அதுபோலவே √−4 ஐ √−9 ஆல் பெருக்கும்போது உள்ளே பெருக்கி √36 = 6 என்று எழுதுதல் தகாது. கற்பனை எண்களின் வழக்கப்படி விடை −6.

இந்த இடத்தில் ஒரு பெரியவரை நினைவுகூர்தல் பொருத்தம். கணித உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவராகிய லியோனார்டு ஆய்லரின் இயற்கணித நூல் 1770இல் செருமன் மொழியில் வெளிவந்தது. அதில் அவர் √−1ஐ √−4ஆல் பெருக்கினால் 2 வரும் என்று எழுதியிருக்கிறார். அது பிழையா, அன்றி மூலத்திற்கு இரு மதிப்புகள் உண்டு என்ற கருத்தில் எழுதியதா என்று ஆய்வாளர்கள் பின்னாளில் விவாதித்தனர். அத்தகைய பெரியவர் எழுதியதையும் ஆராய்ந்து பார்ப்பதே அறிவுலகின் முறை. பெயரைக் கண்டு தலைவணங்குவது அன்று, காரணத்தைக் கண்டு ஒப்புவதே கணிதம்.

அந்த நூலைப் பற்றி நாம் சொல்ல விரும்பும் செய்தி இன்னொன்று உண்டு. அது உருவானபோது ஆய்லர் பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்தார். அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதியவர் தையல் தொழில் பயின்ற ஓர் இளைஞர். பெரிய கல்விப் பின்னணி உடையவர் அல்லர்; கணிதத்தில் தேர்ச்சி பெற்றவரும் அல்லர். ஆனால் ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லி விளக்கப்பட்டதைக் கேட்டு எழுதியதனாலேயே, நூல் முடிவதற்குள் அவர் இயற்கணிதக் கணக்குகளைத் தாமே செய்யக்கூடியவர் ஆனார் என்று அந்நூலின் முன்னுரை தெரிவிக்கிறது. ஊசியும் நூலும் பிடித்த கை, மூலக்குறியையும் பிடித்தது. அந்த இளைஞருக்கு வேறொரு மூளையை யாரும் பொருத்தவில்லை. காரணத்தோடு சொல்லப்பட்ட பாடம் மட்டுமே அவருக்குக் கிடைத்தது.

இங்கே அமர்ந்திருப்போரிலும், பகலில் உழைத்து மாலையில் புத்தகம் விரிப்போர் உண்டு. எழுத்தும் எண்ணும் எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்த காலத்தைக் கண்ட முதியோர் உண்டு. அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது, மனப்பாடம் செய்து மறப்பதற்காக அன்று. மனப்பாடம் செய்த விதி கடன் வாங்கிய பொருள் போன்றது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். தேர்வு மண்டபத்தில் நினைவு அதனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. காரணம் அறிந்து கற்ற விதி நம் சொந்தப் பொருள். மறந்தாலும் மீண்டும் நாமே ஆக்கிக்கொள்ளலாம். 2³ × 2² = 2⁵ என்ற ஒரு வரியிலிருந்து இன்று நாம் கண்ட அத்தனையையும் ஒருவர் தாமே மீட்டெடுக்க முடியும்.

கைப்பேசியில் உள்ள கணிப்பான் நொடியில் விடை சொல்லும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று இன்றைய இளைஞர் கேட்கலாம். கணிப்பான் 2.0396 என்று சொல்லும். ⁶√72 என்பதையும், அது ஏன் அவ்வாறாயிற்று என்பதையும் அதன் திரையில் ஓடும் தசமங்கள் சொல்வதில்லை. −8ஐக் கொண்டு செய்த கணக்கைச் சில கணிப்பான்கள் பிழை என்று மறுக்கும். சில −2 என்று காட்டும். ஏன் இந்த வேறுபாடு என்று அறிந்தவரே அக்கருவியின் எசமானர். அறியாதவர் அதன் பணியாளர்.

ஆகவே நம் சங்கத்தின் இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். எந்த விதியைக் கற்றாலும், அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையேனும் கேளுங்கள். எந்த விடையை எழுதினாலும், தோராய மதிப்பால் ஒருமுறை சோதியுங்கள். நீங்கள் கற்றதை, உங்களுக்கு ஒரு வகுப்பு கீழே படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள்; சொல்லிக்கொடுக்க முடியாத இடமே நீங்கள் இன்னும் கற்க வேண்டிய இடம். பெற்றோருக்கும் மூத்த உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை தவறான விடையோடு வந்து நின்றால், “எப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள். கணிதம் அறியாதவரும் கேட்கக்கூடிய கேள்வி அது. பதில் சொல்லத் தொடங்கும் பிள்ளை, பாதி வழியிலேயே தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும்.

வர்க்கமூலமும் கனமூலமும் ஒரு கணக்கில் சேர்ந்து வரும்போது நம் பிள்ளைகள் இனிப் புத்தகத்தை மூட வேண்டியதில்லை. பின்ன அடுக்காக எழுதட்டும், பொதுப் பகுதி காணட்டும், பெருக்கட்டும், சோதிக்கட்டும். “நமக்குக் கணக்கு வராது” என்ற தீர்ப்பை அவர்கள் தாமே அழித்து எழுதட்டும்.